செயலி உருவாக்கிய ஃபோல்டரைப் பகிர முடியவில்லையா? டிராப்பாக்ஸ், கூகுள் டிரைவ், ஒன்டிரைவ், ஐகிளவுட் – முழுமையான வழிகாட்டி

கடை பில்களை ஸ்கேன் செய்யும் செயலி ஒன்று, ஒவ்வொரு பில்லையும் பிடிஎஃப் ஆக்கி டிராப்பாக்ஸில் ‘ஆப்ஸ்’ ஃபோல்டருக்குள் போட்டு வைக்கிறது என்று வையுங்கள். மாதக் கடைசியில் ஆடிட்டர் பில்களைக் கேட்கிறார். அந்த ஃபோல்டரையே அவருக்கு ஷேர் செய்துவிடலாம் என்று போனால், ஆளைச் சேர்க்கும் வழி திறக்கவே மாட்டேன் என்கிறது. பக்கத்திலேயே நீங்கள் கையால் உருவாக்கிய ஃபோல்டரோ எந்தச் சிக்கலும் இல்லாமல் பகிரப்படுகிறது. லாக்அவுட் செய்து மறுபடி லாகின் செய்வதாலோ செயலியை அழித்துவிட்டு மீண்டும் நிறுவுவதாலோ இது சரியாகாது. சேவையே தெரிந்து போட்டிருக்கும் தடை இது. சேவைக்குச் சேவை அதன் எல்லை வேறுபடும். தாண்டிப் போகும் வழியும் வேறுபடும்.

## தடை எதற்காக

ஒரு செயலி உங்கள் கிளவுட் கணக்கோடு இணையும்போது இரண்டில் ஒரு விதமாக அனுமதி கேட்கும். கணக்கில் உள்ள எல்லா ஃபைல்களையும் படிக்கவும் மாற்றவும் அனுமதி கேட்கலாம். அல்லது, தனக்கென்று ஒரு ஃபோல்டர் போதும், அதற்கு வெளியே எதையும் தொடமாட்டேன் என்று சொல்லலாம். இரண்டாவது வகைச் செயலியை நம்பிச் சேர்ப்பது எளிது. உங்கள் சம்பள ரசீதும் பாஸ்போர்ட் நகலும் அதன் கண்ணில் படாது.

இப்போது அந்த ஃபோல்டருக்குள் இன்னொருவரை எடிட் உரிமையோடு சேர்த்தால், அவர் அதில் போடுவதையும் செயலி படிக்கும். செயலிக்கு அனுமதி கொடுத்தது நீங்கள்தான். அவரிடம் யாரும் கேட்கவில்லை. இது ஒரு பக்கம். மறுபக்கம், செயலி தன் ஃபோல்டரில் தான் மட்டுமே எழுதுகிறோம் என்ற நம்பிக்கையில் இயங்குகிறது. வெளியாள் ஒருவர் ஒரு ஃபைலின் பெயரை மாற்றினால் அதன் கணக்கு குழம்பிவிடும். உள்ளே எஸ்க்யூஎல்லைட் தரவுத்தளம் இருந்தால் இன்னும் மோசம். முதன்மை ஃபைலுடன் ‘வால்’ (wal) என்று முடியும் துணை ஃபைல் ஒன்றும் சேர்ந்து மாறிக்கொண்டிருக்கும். இரண்டில் ஒன்று மட்டும் சிங்க் ஆகி நின்றால் தரவு காணாமல் போகலாம், மொத்தமும் திறக்காமலே போகலாம்.

ஆகவே தடையை உடைக்கும் குறுக்குவழி தேடுவது வீண் வேலை. பழைய பதிவுகளில் இன்னும் சிம்லிங்க் (வேறிடத்தில் உள்ள ஃபோல்டரைச் சுட்டும் இணைப்பு) தந்திரம் ஒன்றைச் சொல்வார்கள். சிம்லிங்க் காட்டும் வெளி ஃபோல்டரின் உள்ளடக்கத்தை சிங்க் செய்வதை டிராப்பாக்ஸ் 2019-லேயே நிறுத்திவிட்டது.

## முதல் வேலை: உங்களுடையது எந்த வகை ஃபோல்டர்?

செயலி உருவாக்கும் ஃபோல்டர்கள் மூன்று வகை.

மறைந்த ஃபோல்டர். உங்கள் கணக்கில்தான் இருக்கும், இடத்தையும் பிடிக்கும், ஆனால் ஃபைல் பட்டியலில் தெரியாது. கூகுள் டிரைவில் இதற்குப் பெயர் ‘ஆப் டேட்டா ஃபோல்டர்’. இதை எந்த வகையிலும் பகிர முடியாது.

கண்ணுக்குத் தெரியும் செயலி ஃபோல்டர். டிராப்பாக்ஸிலும் ஒன்டிரைவிலும் ‘ஆப்ஸ்’ என்ற ஃபோல்டருக்குள் செயலியின் பெயரில் இருக்கும். ஐகிளவுட் டிரைவில் ஃபோல்டர் படத்தின் மேல் செயலியின் சின்னம் பொறித்திருக்கும். எவ்வளவு பகிரலாம் என்பது சேவையைப் பொறுத்தது.

செயலி உருவாக்கிய சாதாரண ஃபோல்டர். கூகுள் டிரைவில் ‘கோலாப் நோட்புக்ஸ்’, ‘மீட் ரெக்கார்டிங்ஸ்’ போன்றவை. தாராளமாகப் பகிரலாம். பெறுபவரின் செயலிக்குள் போகும்போதுதான் சிக்கல் முளைக்கும். கூகுள் பகுதியில் வருகிறது.

கண்டுபிடிப்பது எளிது. டிராப்பாக்ஸ் இணையதளத்தில் உங்கள் படத்தை அழுத்தி செட்டிங்ஸ் போய் ‘ஆப்ஸ்’ பகுதியைத் திறந்தால், ஒவ்வொரு செயலிக்கும் ‘ஆப் ஃபோல்டர்’ உரிமையா ‘ஃபுல் டிராப்பாக்ஸ்’ உரிமையா என்று தெரியும். கூகுள் டிரைவில் (கணினி பிரவுசரில்) மேலே உள்ள பல்சக்கரம், செட்டிங்ஸ், ‘மேனேஜ் ஆப்ஸ்’. அங்கே ஒரு செயலியின் கீழ் ‘ஹிடன் ஆப் டேட்டா’ என்று அளவு காட்டினால் அது முதல் வகை. ஒன்டிரைவிலும் ஐகிளவுடிலும் பார்த்தவுடனே புரிந்துவிடும்.

## டிராப்பாக்ஸ்: கண்டிப்பு அதிகமுள்ள இடம்

டிராப்பாக்ஸின் ஏபிஐ (மற்ற செயலிகள் அதனோடு பேசும் வழி) இதற்கென்றே மூன்று தனித்தனிப் பிழைகள் வைத்திருக்கிறது. ‘இஸ்_ஆப்_ஃபோல்டர்’ வந்தால் நீங்கள் பகிர முயல்வது செயலி ஃபோல்டரையே. ‘இன்சைட்_ஆப்_ஃபோல்டர்’ வந்தால் அதற்குள் இருக்கும் துணை ஃபோல்டரை. ‘கன்டெய்ன்ஸ்_ஆப்_ஃபோல்டர்’ வந்தால், பகிர நினைக்கும் ஃபோல்டருக்குள் எங்கோ ஒரு செயலி ஃபோல்டர் ஒளிந்திருக்கிறது. மூன்றாவதுதான் பலரைச் சுற்றலில் விடுவது. செயலி ஃபோல்டரை இழுத்து ‘ஆபீஸ்’ என்ற ஃபோல்டருக்குள் போட்டு வைத்திருப்பார்கள். பிறகு ஆபீஸையே பகிர முடியாது. மேலோட்டமாகப் பார்த்தால் காரணம் தெரியாது.

இந்தத் தடை எல்லாம் ஆளைச் சேர்த்து, அவர் கணக்கிலும் ஃபோல்டர் தெரியும்படி பகிர்வதற்கு மட்டும்தான். பார்ப்பதற்கு மட்டுமான லிங்க்குக்குத் தடை இல்லை. எனவே வழிகள் இவை.

வழி 1: லிங்க். ஆடிட்டர் போல, பார்த்து டவுன்லோடு செய்தால் போதும் என்பவருக்கு இது போதும்.

1. இணையதளத்தில் ‘ஆப்ஸ்’, அதற்குள் செயலியின் ஃபோல்டர், அதற்குள் தேவையான துணை ஃபோல்டர் (உதாரணமாக ‘2025 மே’) வரை போங்கள். மேல் ஃபோல்டருக்கு லிங்க் எடுக்காதீர்கள்; செயலியின் செட்டிங்ஸ் ஃபைல்களும் சேர்ந்து வெளியே போய்விடும்.
2. ‘காப்பி லிங்க்’ அழுத்துங்கள்.
3. அந்த லிங்க்கை லாகின் செய்யாத வேறொரு பிரவுசர் ஜன்னலில் திறந்து, எதிராளிக்கு என்னென்ன தெரிகிறது என்று பாருங்கள். இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள்.
4. பிறகு அனுப்புங்கள்.

ஃபோல்டருக்கு எடுத்த லிங்க் உயிரோடு இருக்கும். நாளை செயலி புது பில் போட்டால் அதே லிங்க்கில் அதுவும் தெரியும். வசதிதான், ஆனால் லிங்க் யார் கையில் கிடைத்தாலும் திறக்கும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். பாஸ்வேர்டு, காலாவதித் தேதி இரண்டும் கட்டணத் திட்டங்களின் வசதி. இலவசக் கணக்கு என்றால் வேலை முடிந்ததும் நீங்களே லிங்க்கை அழிக்க வேண்டும்.

வழி 2: நகல். எதிராளி திருத்த வேண்டும், அவர் கணினியிலும் சிங்க் ஆக வேண்டும் என்றால், ‘ஆப்ஸ்’ ஃபோல்டருக்கு வெளியே, மேல்மட்டத்தில் புது ஃபோல்டர் உருவாக்குங்கள். அதை முதலில் பகிருங்கள். பிறகு செயலி ஃபோல்டரிலிருந்து ஃபைல்களை அதற்குள் நகலெடுங்கள்.

நகர்த்துவதா நகலெடுப்பதா என்பதில் கவனம் வேண்டும். செயலிக்கு தன் ஃபோல்டருக்கு வெளியே எதுவும் தெரியாது. ஃபைலை வெளியே நகர்த்தினால், அது அழிக்கப்பட்டதாகவே செயலி எடுத்துக்கொள்ளும். ஃபோனில் உள்ள பிரதியையும் சேர்த்து நீக்கும் செயலிகள் உண்டு. வெறும் ஏற்றுமதி மட்டும் செய்யும் செயலி என்றால் நகர்த்தலாம். தன் நூலகத்தையே அங்கே வைத்திருக்கும் செயலி என்றால் நகல்தான்.

நகலுக்கு விலை, இடம். டிராப்பாக்ஸின் இலவசக் கணக்கு 2 ஜிபி. நகல் உங்கள் இடத்தை இரண்டு மடங்காகத் தின்னும். போதாததற்கு, தனிநபர் கணக்குகளில் பகிர்ந்த ஃபோல்டரின் அளவு அதில் உள்ள ஒவ்வொருவரின் கணக்கிலும் ஏறும். 1.5 ஜிபி பில்களை இலவசக் கணக்குள்ள ஒருவரோடு பகிர்ந்தால், அவர் இடம் போதாமல் சேரவே முடியாமல் நிற்கலாம். அப்போது லிங்க்தான் நல்லது. லிங்க்கைப் பார்ப்பது யார் இடத்தையும் பிடிக்காது.

மாதாமாதம் செய்ய வேண்டிய வேலை என்றால் ‘ஆர்குளோன்’ என்ற இலவச மென்பொருளை வைத்துத் தானாக ஓட விடலாம். அதில் ‘காப்பி’ கட்டளையைப் பயன்படுத்துங்கள், ‘சிங்க்’ வேண்டாம். சிங்க், மூலத்தில் இல்லாததை எல்லாம் சேருமிடத்தில் அழித்துவிடும். ஆடிட்டர் தன் குறிப்பு ஃபைலை அந்த ஃபோல்டரில் போட்டிருந்தால் அடுத்த ஓட்டத்தில் அது போய்விடும்.

வழி 3: செயலியின் சேமிப்பிடத்தை மாற்றுவது. செயலிக்கு ‘ஃபுல் டிராப்பாக்ஸ்’ உரிமை இருந்தால், அதன் செட்டிங்ஸில் எங்கே சேமிக்க வேண்டும் என்று தேர்வு செய்யும் இடம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், நீங்கள் ஏற்கெனவே பகிர்ந்துள்ள ஃபோல்டரையே காட்டிவிடலாம். நகல் வேலையே மிச்சம். இதற்காக மட்டும் ஒரு செயலிக்கு முழு உரிமை கொடுப்பது நல்ல பேரம் என்று சொல்ல மாட்டோம். ஸ்கேனர் செயலிக்கு உங்கள் மொத்த டிராப்பாக்ஸும் எதற்கு?

ஒரே செயலியை வீட்டில் இருவர் பயன்படுத்துவதால் ஃபோல்டர் பொதுவாகிவிடாது. ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனி செயலி ஃபோல்டர்தான். இருவரும் ஒரே தரவைப் பார்க்க வேண்டும் என்றால், செயலியை இரு ஃபோன்களிலும் ஒரே டிராப்பாக்ஸ் கணக்கில் இணைக்க வேண்டும். அல்லது செயலியே தரும் பகிர்வு வசதியை நாட வேண்டும்.

## கூகுள் டிரைவ்: பகிர்வது சுலபம், பெறுபவர் பாடுதான் கஷ்டம்

மறைந்த ஃபோல்டரை முதலில் முடித்துவிடுவோம். அதில் உள்ள ஃபைலைப் பகிரவோ, வெளியே உள்ள ஃபோல்டருக்கு நகர்த்தவோ, குப்பைத்தொட்டிக்கு அனுப்பவோ முடியாது. நேராக அழிக்க மட்டும் முடியும். ‘மேனேஜ் ஆப்ஸ்’ பக்கத்தில் ‘டெலிட் ஹிடன் ஆப் டேட்டா’ என்ற பட்டனை இடம் மிச்சம் பிடிக்கும் ஆசையில் அழுத்திவிட்டால் மீட்க வழியில்லை. உள்ளே இருப்பதை வெளியே எடுக்க ஒரே பாதை, அந்தச் செயலிக்குள் இருக்கும் எக்ஸ்போர்ட் வசதி.

இதில் அதிகம் கேட்கப்படுவது ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் பேக்கப். டிரைவில் வாட்ஸ்அப் ஃபோல்டரைத் தேடி, கிடைத்தால் தம்பிக்கு ஷேர் செய்யலாம் என்று நினைப்பவர்கள் ஏராளம். டிரைவில் அது சாதாரண ஃபைலாக இல்லை. பகிரவும் முடியாது, டவுன்லோடு செய்யவும் முடியாது. அதே கூகுள் கணக்கும் அதே ஃபோன் எண்ணும் இருந்தால் வாட்ஸ்அப்பே எடுத்துக்கொள்ளும். இன்னொரு ஃபோனுக்கு மாற வேண்டும் என்றால் வாட்ஸ்அப் செட்டிங்ஸில் சாட்ஸ், ‘டிரான்ஸ்ஃபர் சாட்ஸ்’. ஒருவரோடு நடந்த உரையாடலை மட்டும் கொடுக்க வேண்டும் என்றால், அந்த உரையாடலைத் திறந்து மூன்று புள்ளி, ‘மோர்’, ‘எக்ஸ்போர்ட் சாட்’.

இனி கண்ணுக்குத் தெரியும் ஃபோல்டர். வலது கிளிக், ‘ஷேர்’, மின்னஞ்சல், உரிமை, அவ்வளவுதான். உரிமையில் ‘வியூவர்’ மட்டும் கொடுங்கள். ‘எடிட்டர்’ ஆனவர் செயலி எழுதிய ஃபைலை ஃபோல்டரிலிருந்து எடுத்துவிட முடியும், பெயரை மாற்ற முடியும். செயலிக்கு அது புரியாது.

சிக்கல் தொடங்குவது இதற்குப் பிறகு. டிரைவோடு இணையும் மூன்றாம் தரப்புச் செயலிகள் பல ‘டிரைவ் டாட் ஃபைல்’ என்ற குறுகிய அனுமதியோடு இயங்குகின்றன. செயலி தானே உருவாக்கிய ஃபைல்கள், பயனர் அந்தச் செயலி வழியாகத் தேர்ந்தெடுத்துத் திறந்த ஃபைல்கள், இவை மட்டுமே அதற்குத் தெரியும். இந்த அனுமதி ஃபைலுக்கு ஃபைல், ஆளுக்கு ஆள் தனி. இதிலிருந்து இரண்டு விளைவுகள்.

ஒன்று: நீங்கள் பகிர்ந்த ஃபோல்டர் உங்கள் சக ஊழியரின் டிரைவில் ‘ஷேர்டு வித் மீ’ பகுதியில் தெளிவாகத் தெரியும். அவரும் அதே செயலியை நிறுவித் திறந்தால், உள்ளே காலி. செயலி பழுதாகவில்லை. அவர் கணக்கில் அந்த ஃபைல்களைத் தொட அதற்கு அனுமதி இல்லை. டிரைவில் ஃபைலை வலது கிளிக் செய்து ‘ஓபன் வித்’ மூலம் அந்தச் செயலியைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அல்லது செயலிக்குள் இருக்கும் கூகுள் பிக்கர் (ஃபைல் தேர்வு) ஜன்னலில் அந்த ஃபைலைத் தேர்வு செய்ய வேண்டும். அப்போதுதான் அந்த ஃபைலுக்கு அனுமதி பிறக்கும்.

இரண்டு: செயலி உருவாக்கிய ஃபோல்டருக்குள் நீங்களே பிரவுசர் வழியாக ஒரு ஃபைலை இழுத்துப் போட்டாலும் செயலிக்கு அது தெரியாது. ஃபோல்டர் அதனுடையது, ஃபைல் அதனுடையது அல்ல.

‘ஆட் ஷார்ட்கட்’ கொடுத்து ஃபோல்டரை ‘மை டிரைவ்’ உள்ளே கொண்டுவந்தால் சரியாகுமா? ஆகாது. 2020 செப்டம்பர் 30-க்குப் பிறகு டிரைவில் ஒரு ஃபைல் ஓரிடத்தில்தான் இருக்க முடியும். மற்ற இடங்களில் இருப்பது ஷார்ட்கட் மட்டும். தன் ஃபோல்டரைப் பெயர் வைத்துத் தேடும் செயலி ஷார்ட்கட்டை ஃபோல்டராக எடுத்துக்கொள்ளாமல், அதே பெயரில் இரண்டாவதாக ஒன்றை உருவாக்கிவிட்டுப் போகும். ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர் இருந்தால் இதுதான் நடந்திருக்கிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

## ஒன்டிரைவ்

‘மை ஃபைல்ஸ்’, ‘ஆப்ஸ்’, செயலியின் பெயர். பயனரைப் பொறுத்தவரை அது சாதாரண ஃபோல்டரே. வழக்கம்போல ‘ஷேர்’ கொடுக்கலாம், பார்க்க மட்டுமா திருத்தவுமா என்று அமைக்கலாம். துணை ஃபோல்டர் அளவில் பகிர்வதே இங்கேயும் நல்லது.

பெறுபவர் ‘ஆட் ஷார்ட்கட் டு மை ஃபைல்ஸ்’ கொடுத்தாலும், அவருடைய அதே செயலி அதைப் பார்க்காது. அது தன் கணக்கின் ‘ஆப்ஸ்’ ஃபோல்டரை மட்டும்தான் பார்க்கிறது. அலுவலகக் கணக்கில் ‘லிங்க் உள்ள யாரும்’ என்ற தேர்வு மங்கலாக இருந்தால், நிர்வாகி அதை மூடி வைத்திருக்கிறார் என்று பொருள். ஐடி பிரிவிடம் கேளுங்கள், அல்லது குறிப்பிட்ட ஆளின் மின்னஞ்சலைச் சேர்த்து அவருக்கு மட்டும் பகிருங்கள். ‘பர்சனல் வால்ட்’ உள்ளே நகர்த்திய எதையும் பகிர முடியாது. செயலி ஃபைல்களைப் பாதுகாப்பு என்று நினைத்து அங்கே தள்ளியவர்கள் அதை மறந்துவிடுவார்கள்.

## ஐகிளவுட் டிரைவ்

ஐகிளவுட் டிரைவில் சாதாரண ஃபோல்டர்களைப் பகிரும் வசதியே 2020 மார்ச்சில், ஐஓஎஸ் 13.4, மேக்ஓஎஸ் 10.15.4 பதிப்புகளோடுதான் வந்தது. செயலிச் சின்னம் பொறித்த மேல்மட்ட ஃபோல்டர்களுக்கு (‘பேஜஸ்’, ‘நம்பர்ஸ்’ போன்றவை) அது பொருந்தாது.

மேக்கின் உள்ளே பார்த்தால் காரணம் புரியும். ஃபைண்டரில் எல்லாம் ஒரே மரமாகத் தெரிகிறது. ஆனால் உங்கள் லைப்ரரிக்குள் இருக்கும் ‘மொபைல் டாக்குமென்ட்ஸ்’ ஃபோல்டரில் ஒவ்வொரு செயலிக்கும் தனிப் பெட்டகம். நீங்கள் கையால் உருவாக்கும் ஃபோல்டர்கள் எல்லாம் ‘கிளவுட்டாக்ஸ்’ என்று முடியும் வேறொரு பெட்டகத்தில் இருக்கின்றன. சின்னம் பொறித்த ஃபோல்டர் என்பது ஒரு பெட்டகத்தின் வாசல்.

ஐபோனில் செய்ய வேண்டியது:

1. ‘ஃபைல்ஸ்’ செயலியில் ‘பிரவுஸ்’, ‘ஐகிளவுட் டிரைவ்’. எந்தச் சின்ன ஃபோல்டருக்குள்ளும் நுழையாமல் மேல்மட்டத்திலேயே வெற்றிடத்தில் அழுத்திப் பிடித்து ‘நியூ ஃபோல்டர்’.
2. செயலி ஃபோல்டரில் உள்ள ஆவணங்களை அழுத்திப் பிடித்து ‘காப்பி’, பிறகு புது ஃபோல்டரில் ‘பேஸ்ட்’.
3. புது ஃபோல்டரை அழுத்திப் பிடித்து ‘ஷேர்’. மேலே ‘கொலாபரேட்’ தேர்வாகியிருக்க வேண்டும். ‘சென்ட் காப்பி’ என்றிருந்தால் நகல் மட்டும் போகும். பிந்தைய மாற்றங்கள் போகாது.
4. கீழே இருக்கும் அனுமதி வரியைத் தொட்டு, அழைத்தவர்கள் மட்டுமா, லிங்க் உள்ள எவருமா, திருத்தலாமா பார்க்க மட்டுமா என்று அமையுங்கள். அனுப்புங்கள்.

‘பேஜஸ்’, ‘நம்பர்ஸ்’ ஆவணங்கள் புது ஃபோல்டரிலிருந்தும் நன்றாகவே திறக்கும். எல்லாச் செயலியும் அப்படி இல்லை. சோதிக்க எளிய வழி: செயலிக்குள் ‘ஓபன்’ அல்லது ‘இம்போர்ட்’ அழுத்தும்போது ஃபைல்ஸ் ஜன்னல் திறக்கிறதா பாருங்கள். திறந்தால் எந்த ஃபோல்டரும் சரி. திறக்காவிட்டால் தன் பெட்டகத்தைத் தவிர அதற்கு எதுவும் தெரியாது. ஐபோனில் அப்ஸிடியன் என்ற குறிப்புச் செயலி இரண்டாவது ரகம். ஐகிளவுடில் ‘அப்ஸிடியன்’ ஃபோல்டருக்குள் இருக்கும் குறிப்புப் பெட்டகங்களை மட்டுமே காட்டும். நண்பர் பகிர்ந்த ஃபோல்டர் ஐகிளவுட் டிரைவின் மேல்மட்டத்தில் வந்து உட்காருவதால் பட்டியலில் வராது. மேக்கில் அதே செயலி எந்த ஃபோல்டரையும் திறக்கும். மேக்கில் வேலை செய்கிறது, ஃபோனில் இல்லை என்ற புலம்பலுக்குக் காரணம் இதுதான்.

பகிர்ந்த ஃபோல்டர் உரிமையாளரின் இடத்தில் மட்டும் கணக்காகும். இந்த விஷயத்தில் டிராப்பாக்ஸுக்கு நேர் எதிர். பகிர்ந்த ஃபோல்டருக்குள் உள்ள தனி ஃபைலுக்கு மட்டும் புது ஆளைச் சேர்க்க முடியாது. ஃபோல்டருக்குத்தான் சேர்க்க வேண்டும். உரிமையாளர் பகிர்வை நிறுத்தினால் மற்றவர்களுக்கு ஃபோல்டர் மறைந்துவிடும். முக்கியமானதை அவரவர் தனியே நகலெடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

## பகிர்வதற்கு முன் உள்ளே திறந்து பாருங்கள்

ஜாப்ளின் குறிப்புச் செயலியை டிராப்பாக்ஸோடு இணைத்திருந்தால், ‘ஆப்ஸ்’ உள்ளே ‘ஜாப்ளின்’ ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். குறிப்புகளின் தலைப்பு ஒன்றுகூட இருக்காது. எண்ணும் எழுத்துமாக 32 குறிகள் கொண்ட பெயர்களோடு ‘எம்டி’ ஃபைல்கள் வரிசையாக நிற்கும். படங்கள் தனி ஃபோல்டரில், பூட்டு ஃபைல்கள் வேறொன்றில். நோட்புக்குகளின் அமைப்பு ஃபோல்டராக இல்லை, ஃபைல்களுக்குள் எழுதப்பட்ட அடையாள எண்களாக இருக்கிறது. முனைக்கு முனை மறையாக்கம் (எண்ட் டு எண்ட் என்கிரிப்ஷன்) போட்டிருந்தால் ஃபைலைத் திறந்தாலும் புரியாது. இதற்கு லிங்க் எடுத்து அனுப்பினால் பெறுபவருக்கு ஒன்றும் உதவாது. உங்கள் சொந்தக் குறிப்புகள் மொத்தமும் வெளியே போனதுதான் மிச்சம்.

இத்தகைய செயலிகளில் கிளவுட் ஃபோல்டர் என்பது ஆவண அலமாரி அல்ல, சிங்க் வேலைக்கான கிடங்கு. சரியான வழி, வேண்டிய நோட்புக்கை மட்டும் செயலிக்குள் மார்க்டவுன் அல்லது பிடிஎஃப் ஆக எக்ஸ்போர்ட் செய்து, சாதாரண ஃபோல்டரில் போட்டு, அதைப் பகிர்வது. இருவரும் சேர்ந்து எழுத வேண்டும் என்றால் ஜாப்ளின் கிளவுட் அல்லது ஜாப்ளின் சர்வர் வேண்டும். டிராப்பாக்ஸ் வழி நோட்புக் பகிர்வு இல்லை.

## நிரல் எழுதுபவர்களுக்கு

சேவைக் கணக்கு (ஆளுக்கு அல்ல, நிரலுக்கென்று உருவாக்கும் கூகுள் கணக்கு) வைத்து கூகுள் டிரைவில் ஃபோல்டர் உருவாக்கும் ஸ்கிரிப்டுகளில் இரண்டு இடங்களில் முட்டும். முதலாவது, உருவாக்கிய ஃபோல்டர் யார் கண்ணிலும் படாது. அதன் உரிமையாளர் அந்தச் சேவைக் கணக்கு, நீங்கள் அல்ல. ஏபிஐ வழியாக உங்கள் மின்னஞ்சலுக்கு உரிமை எழுதினால் ‘ஷேர்டு வித் மீ’ பகுதியில் வரும். இரண்டாவது, உங்கள் ஃபோல்டரை அதற்கு எடிட்டராகப் பகிர்ந்து, அதில் ஃபைல் ஏற்றச் சொன்னால் 403 பிழை, சேவைக் கணக்குக்குச் சேமிப்பிட ஒதுக்கீடு இல்லை என்ற செய்தியோடு வரும். ஃபோல்டர் உங்களுடையதானாலும், ஏற்றும் ஃபைலின் உரிமையாளர் சேவைக் கணக்குதான். அதற்கு இடம் கிடையாது.

வொர்க்ஸ்பேஸ் (நிறுவனங்களுக்கான கூகுள்) கணக்கு இருந்தால் தீர்வு ஷேர்டு டிரைவ்:

1. ஷேர்டு டிரைவ் ஒன்றை உருவாக்கி, சேவைக் கணக்கின் மின்னஞ்சலை ‘கன்டென்ட் மேனேஜர்’ ஆகச் சேருங்கள். அங்கே உரிமையாளர் நிறுவனம். தனிநபர் ஒதுக்கீடு குறுக்கே வராது.
2. ஒவ்வொரு அழைப்பிலும் ‘சப்போர்ட்ஸ் ஆல் டிரைவ்ஸ்’ அளவுருவை உண்மை என்று அனுப்புங்கள். விட்டால், இருக்கும் ஃபோல்டருக்கே 404 வரும்.
3. பட்டியல் எடுக்கும்போது ‘இன்க்ளூட் ஐட்டம்ஸ் ஃப்ரம் ஆல் டிரைவ்ஸ்’ அளவுருவும் வேண்டும்.

சாதாரண ஜிமெயில் கணக்கில் ஷேர்டு டிரைவ் உருவாக்க முடியாது. அங்கே பயனரே ஓஆத் (பாஸ்வேர்டைத் தராமல் செயலிக்கு அனுமதி தரும் முறை) வழி அனுமதி கொடுத்து, அவர் பெயரில் ஃபைல் உருவாக வேண்டும். ஓஆத் செயலி ‘டெஸ்டிங்’ நிலையில் இருந்தால் ரெஃப்ரெஷ் டோக்கன் 7 நாளில் செத்துவிடும். வாரம் ஒருமுறை ஸ்கிரிப்ட் நின்றால் வேறெங்கும் தேட வேண்டாம்.

‘டிரைவ் டாட் ஃபைல்’ போதவில்லை என்று முழு ‘டிரைவ்’ அனுமதிக்குத் தாவுவதற்கு முன் யோசியுங்கள். அது கட்டுப்படுத்தப்பட்ட வகை. பொதுப் பயன்பாட்டுக்கு வெளியிட கூகுளின் சரிபார்ப்பு வேண்டும், தரவைச் சர்வரில் வைத்தால் பாதுகாப்பு மதிப்பீடும் வேண்டும். பிக்கரைச் சேர்ப்பது பெரும்பாலும் ஓரிரு நாள் வேலை.

ஒன்டிரைவில் ‘ஆப்ரூட்’ வழியாக ஃபோல்டரை அணுகும் செயலிக்கு ‘ஃபைல்ஸ் ரீட்ரைட் ஆப்ஃபோல்டர்’ அனுமதி போதும். ஆனால் பகிர்வு லிங்க் உருவாக்கும் அழைப்புக்கான அனுமதிப் பட்டியலில் அது இல்லை. ‘ஃபைல்ஸ் ரீட்ரைட்’ கேட்க வேண்டும். லிங்க் உருவாக்குவதைப் பயனரிடமே விட்டுவிட்டால் அனுமதியைப் பெருக்க வேண்டியதில்லை. பாக்ஸ் சேவையிலும் சேவைக் கணக்கு உருவாக்கிய ஃபோல்டர், ‘கொலாபரேஷன்’ வழியாக ஓர் ஆளைச் சேர்க்கும் வரை நிர்வாகியின் சாதாரண ஃபைல் பக்கத்தில்கூடத் தெரியாது. நிரலின் முதல் ஓட்டத்திலேயே ஒரு மனிதரைச் சேர்த்துவிடுங்கள்.

## வழக்கமாக எங்கே தவறுகிறது

லிங்க் நேற்று திறந்தது, இன்று திறக்கவில்லை என்றால், செயலி அந்த ஃபைலை அழித்துவிட்டுப் புதிதாக எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். பெயர் அதேதான், ஆனால் சேவையின் பார்வையில் அது புது ஃபைல், பழைய லிங்க் செத்துவிட்டது. ஃபைலுக்கு லிங்க் எடுக்காமல் அது இருக்கும் துணை ஃபோல்டருக்கு எடுத்தால் இந்தத் தொல்லை வராது.

‘ஃபைல் (1)’, ‘கான்ஃப்ளிக்டட் காப்பி’ என்று பெயர்கள் பெருகினால், செயலி எழுதும் அதே ஃபைலில் இன்னொருவரும் எழுதுகிறார். திருத்தும் உரிமையைப் பறித்துவிட்டு, அவர் திருத்த வேண்டியதை நகல் ஃபோல்டரில் வையுங்கள்.

நகல் ஃபோல்டரில் பாதி ஃபைல்தான் இருக்கிறது என்றால், பெரும்பாலும் செயலி சிங்க் முடிக்கும் முன்பே நகல் எடுத்துவிட்டீர்கள். செயலியில் சிங்க் முடிந்த குறி வரும் வரை காத்திருந்து, அதை முழுதாக மூடிவிட்டு நகலெடுங்கள். கணினியில் ஃபைல் ‘ஆன்லைன் மட்டும்’ நிலையில் இருந்தாலும் இதே நிலை வரும். முதலில் ஃபோல்டர் முழுவதையும் டவுன்லோடு செய்துகொள்ளுங்கள்.

பகிர்வை நிறுத்தியும் எதிராளி பார்க்கிறார் என்றால், ஆளை நீக்கினீர்கள், லிங்க்கை நீக்கவில்லை. இரண்டும் தனித்தனிப் பட்டியல். டிராப்பாக்ஸில் ‘ஷேர்டு’ பக்கத்தில் லிங்க்குகளுக்குத் தனிப் பகுதி உண்டு. கூகுளில் பகிர்வு ஜன்னலின் அடியில் ‘ஜெனரல் ஆக்சஸ்’ இருக்கிறது. அதை ‘ரெஸ்ட்ரிக்டட்’ ஆக்குங்கள். அதன் பிறகும் அவர் ஏற்கெனவே டவுன்லோடு செய்த பிரதி அவரிடமே இருக்கும். அதைத் திரும்ப வாங்க எந்தச் சேவையிலும் பட்டன் இல்லை.